யாரு அடிச்சா?

மூணு மாசக் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் ஒரு போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருக்கும். “யாரு அடிச்சா? மாமா அடிச்சானா? அத்தை அடிச்சாளா? வரட்டும், ரெண்டு போடுவோம்.” அடி விழவே இல்லை. அந்த மாமா துபாயில் இருப்பான். பிள்ளையை வீடியோ காலில் தவிரப் பார்த்ததே கிடையாது. வாக்குமூலம் கொடுக்க வேண்டிய ஆளுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. ஆனாலும் அது “ஊ… ங்கு” என்று ஏதோ சொல்லும். “அப்படியா சங்கதி! அவ்வளவு கொழுப்பா அவனுக்கு?” என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும்.

என் தங்கை மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை. இப்போது பிரசவ விடுப்பில் தாய்வீட்டில் இருக்கிறாள். அவள் போனில் ஒரு ஆப் இருக்கிறது. குழந்தையிடம் நாள் முழுக்கப் பேசுங்கள், நிறையப் பேசுங்கள் என்று மணிக்கொரு தரம் அதட்டும். இவளும் சிரத்தையாகப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “இது ஃபேன். இது ஜன்னல். ஜன்னலுக்கு வெளியில வேப்பமரம். வேப்பமரத்துல காக்கா” என்று மூச்சு விடாமல் வகுப்பு எடுப்பாள். “பெரியம்மா, நீங்களும் அம்மாவும் பண்றது விளையாட்டு. அவனுக்கு அதுல ஒண்ணும் புரியாது. நான் சொல்லித்தர்றதுதான் உள்ள போகும்” என்றாள் ஒருநாள்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கண்ணு, அவன் தூங்கும்போது படி.

அவனுக்கு ஒன்றும் புரியாது என்பது சரிதான். ஆனால் இந்த வயதில் நடக்கிற காரியத்துக்குப் புரிதல் பெரிய தேவையில்லை. பிறந்த குழந்தையின் வாயில் பேச்சுக்கு இடமே கிடையாது. குரல்வளை நமக்கு இருப்பதைவிட உயரத்தில் நிற்கும். நாக்கு வாயை அடைத்துக்கொண்டிருக்கும். மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு நாக்கின் பின்பக்கம்தான் அண்ணத்தில் உரசும். அதனால் இரண்டு மூன்று மாதத்தில் வருகிற சத்தமெல்லாம் தொண்டைக்குப் பக்கத்திலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும். ‘ங்கா’, ‘அக்கு’, ‘ஊங்கு’ எல்லாம் அந்த வகைதான்.

நம் பாட்டிமார் இரண்டு மாசக் குழந்தையிடம் எதைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? “ஆ… ங்கு சொல்லு. சொல்லு கண்ணு, ஆ… ங்கு.” அந்த வயதில் ‘தாத்தா சொல்லு’ என்று யாரும் கேட்பதில்லை. எட்டு மாசமானதும் அதே பாட்டி தானாக ‘தாத்தா சொல்லு’, ‘மாமா சொல்லு’ என்று மாறிவிடுவார். இதற்கு யாரும் அவருக்குப் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. குழந்தை எதை எறிகிறதோ அதையே பிடித்துத் திருப்பி எறிகிறார், அவ்வளவுதான்.

நாலு, ஐந்து மாதத்தில் பிள்ளைக்குத் தன் குரலே ஒரு பொம்மை. கீச்சென்று கத்திப் பார்க்கும். அடித்தொண்டையில் உறுமும். உதட்டைக் குவித்து எச்சில் தெறிக்கப் ‘பர்ர்ர்’ என்று ஊதும். ‘மழை வரப்போகுது’ என்பார்கள் நம் வீடுகளில். மழை வருகிறதோ இல்லையோ, உதடும் மூச்சும் குரலும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன.

மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் கிம்பரோ ஆலர் என்றொருவர் இந்தச் சத்தங்களைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து ஆராய்ந்தவர். 2013-இல் அவரும் அவர் குழுவும் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அழுகை என்றால் குழந்தைக்கு ஏதோ பிடிக்கவில்லை. சிரிப்பு என்றால் பிடித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் அர்த்தம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் கீச்சலுக்கும் உறுமலுக்கும் ‘ஊ’வுக்கும் அப்படி எதுவும் ஒட்டவில்லை. ஒரே கீச்சலைக் குழந்தை சந்தோஷத்திலும் போடும், கோபத்திலும் போடும், சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டும் போடும். மூணு, நாலு மாசத்திலேயே இந்தச் சுதந்திரம் வந்துவிடுகிறது. நாளைக்கு ‘தண்ணி’ என்ற சொல்லைக் கேட்கவும் பயன்படுத்தலாம், காட்டவும் பயன்படுத்தலாம், மறுக்கவும் பயன்படுத்தலாம் அல்லவா? அதற்கான அடித்தளம் இங்கே விழுகிறது.

யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் குழந்தைகள் இப்படிச் சத்தம் போடுகின்றன. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிற சிசுக்களிடமும் இந்தச் சத்தங்களை ஆலர் குழு பதிவு செய்திருக்கிறது. ஆக, நாம் பேசினால்தான் குழந்தை வாய் திறக்கும் என்றில்லை. சரக்கு அதனிடமே இருக்கிறது. நம் வேலை வேறு.

என்ன வேலை என்பதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஹாரியட் ரைங்கோல்டு ஒருவர். 1959-இல் அவரும் இரண்டு சகாக்களும் அமெரிக்காவில் ஒரு விடுதியில் வளர்ந்த மூணு மாசக் குழந்தைகளிடம் போனார்கள். முதலில் கட்டிலுக்கு மேல் குனிந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை முறை குழந்தை சத்தம் போடுகிறது என்று எண்ணினார்கள். அடுத்த கட்டத்தில், குழந்தை ஒவ்வொரு முறை சத்தம் போட்டதும் ஒரு சிரிப்பு, ‘ச்சு ச்சு ச்சு’ என்று ஒரு கொஞ்சல், வயிற்றில் லேசாக ஒரு தொடல். நம் ஊரில் எந்தப் பெரியம்மாவும் செய்வதுதான். குழந்தைகள் சத்தம் போடுவது கூடியது. மறுபடி உம்மென்று நின்றார்கள், குறைந்தது.

‘இதற்கு ஆராய்ச்சி வேறயா’ என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு சந்தேகம் பாக்கி நிற்கிறது. சிரித்துக் கொஞ்சினால் எந்தக் குழந்தையும் உற்சாகமாகிவிடும். உற்சாகத்தில் சத்தம் கூடும். அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் கொஞ்சலாமே? குழந்தை சத்தம் போட்ட *பிறகு* கொஞ்சுவதில் என்ன விசேஷம்?

இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது 2003-இல் வெளிவந்த ஒரு சோதனை. செய்தவர்கள் மைக்கேல் கோல்ட்ஸ்டீன், ஆண்ட்ரூ கிங், மெரிடித் வெஸ்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணு, உன் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

எட்டு மாசக் குழந்தைகள். விளையாட்டுச் சாமான்கள் பரப்பிய அறை. குழந்தையின் உடுப்புக்குள் ஒரு சின்ன மைக். அம்மா காதில் ஹெட்போன். பக்கத்து அறையிலிருந்து ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் கொஞ்ச நேரம் வீட்டில் விளையாடுவது போல விளையாட விட்டார்கள். பிறகு அம்மாக்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். முதல் கட்சியில், குழந்தை ‘ஆ’ என்றோ ‘ப’ என்றோ ஏதாவது சத்தம் போட்டதும் அம்மாவின் காதில் ‘இப்போது’ என்று குறிப்பு வரும். அவர் உடனே சிரிக்க வேண்டும், கொஞ்சம் நெருங்க வேண்டும், குழந்தையைத் தொட வேண்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இரண்டாம் கட்சி அம்மாக்களும் அதே அளவு சிரித்தார்கள், நெருங்கினார்கள், தொட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வந்த குறிப்பு அவர்கள் குழந்தையைப் பார்த்துக் கொடுத்ததல்ல. முதல் கட்சியில் வேறொரு குழந்தை எந்தெந்த நொடியில் சத்தம் போட்டதோ, அந்த நேரக்கணக்கை அப்படியே எடுத்து இங்கே ஓட்டினார்கள். சிரிப்பின் எண்ணிக்கையில் குறைவில்லை, தொடலில் குறைவில்லை. ஆனால் எதுவும் தன் பிள்ளை சொன்னதற்குப் பதிலாக வரவில்லை. பல நேரம் பிள்ளை பேசும்போது சும்மா இருந்தார்கள், பிள்ளை சும்மா இருக்கும்போது சிரித்தார்கள்.

முதல் கட்சிக் குழந்தைகளின் சத்தம் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே மாறியது. இன்னும் முழுக் குரலில் வந்தது. மெய்யும் உயிரும் இழுபடாமல் சட்டென்று ஒட்டிக்கொண்ட அசைகள், அதாவது பேச்சுக்கு நெருங்கிய ‘பா’, ‘தா’ போன்றவை, கூடின. இரண்டாம் கட்சியில் அந்த மாற்றம் இல்லை.

அம்மா ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். காப்பியடிக்க எதிரே சத்தமே இல்லை. ‘பிள்ளைகள் நம்மைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லும்’ என்று நாம் காலகாலமாகச் சொல்லிவருகிறோம். அது பிற்பாடு வரும். இங்கே நடந்தது அதுவல்ல. குழந்தை தன் பையில் இருந்த பல சத்தங்களில் எதற்கு எதிரே இருக்கிற முகம் மலர்கிறதோ அதைப் பொறுக்கி எடுத்துத் தீட்டிக்கொள்கிறது.

இந்த யோசனை அவர்களுக்கு ஒரு பறவையிடமிருந்து வந்தது. வட அமெரிக்காவில் கௌபேர்ட் என்று ஒரு பறவை. நம் குயில் மாதிரி மற்ற பறவைகளின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதில் ஆண் மட்டும்தான் பாடும். பெண் பாடவே பாடாது. பாடத் தெரியாத பெண் பாட்டு வாத்தியார் ஆக முடியுமா? கிங்கும் வெஸ்டும் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். இளம் ஆண் ஏதேதோ பாடிக்கொண்டிருக்கும்போது, குறிப்பிட்ட ஒரு துண்டு வந்ததும் பெண் ஒரு சிறகை லேசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு அசைப்பு அசைத்தது. உடனே ஆண் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. அந்தத் துண்டை ஒலிப்பதிவாக மற்ற பெண் பறவைகளுக்குப் போட்டுக் காட்டினால் அவற்றுக்கும் அதுவே பிடித்தது. 1988-இல் இது வெளிவந்தது. கச்சேரியில் முன் வரிசைக் கிழவர் தலையாட்டுகிற இடத்தில் பாடகர் இன்னொரு சுற்றுப் போவாரே, அதே கதைதான். அவருக்கு ஸ்வரம் தெரியுமோ தெரியாதோ, கச்சேரியின் போக்கை மாற்றிவிடுவார்.

குரங்கிலும் பார்த்திருக்கிறார்கள். மார்மோசெட் என்ற பிரேசில் நாட்டுக் குட்டிக் குரங்கு. அதில் அப்பாவும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும். குட்டி முதலில் கரகரவென்று கத்தும். நாளாக ஆகப் பெரியவை போல நீண்ட விசில் போடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிஃப் கஸன்ஃபர் குழு 2015-இல் கண்டது: குட்டி கூப்பிட்டதும் பதில் குரல் கொடுக்கிற பெற்றோரின் குட்டிகளுக்கு அந்த விசில் சீக்கிரம் வந்துவிடுகிறது. அத்தனை தூரம் போவானேன் என்று கேட்கலாம். எனக்கு என்னவோ, குரங்கு அப்பாகூடப் பதில் சொல்கிறான் என்று சில வீட்டு அப்பாக்களுக்குத் தெரிவதில் தப்பில்லை என்று தோன்றுகிறது.

சரி, அம்மா வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அதையும் கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் 2008-இல் பார்த்தார்கள். இந்த முறை ஒன்பதரை மாசக் குழந்தைகள். குழந்தை சத்தம் போட்டதும் சில அம்மாக்கள் தெளிவான உயிரொலி ஒன்றைச் சொன்னார்கள். சிலர் மெய்யும் உயிரும் சேர்ந்த சொற்களைச் சொன்னார்கள். உயிரொலி கேட்ட குழந்தைகளிடம் நல்ல உயிரொலிகள் கூடின, சொல் கேட்டவர்களிடம் மெய்யும் உயிருமான அசைகள் கூடின. வேடிக்கை என்னவென்றால், அம்மா சொன்ன அதே ஒலியை அவை சொல்லவில்லை. அம்மா ‘த’ வரிசையில் சொன்னால் பிள்ளை ‘ப’வை வைத்துக்கொண்டு அதே அச்சில் வார்க்கும். இதிலும் நேரம் தவறி வந்த பதிலுக்குப் பலன் இல்லை. அதே சொற்கள்தான், அதே அன்புதான். வந்த நேரம்தான் வேறு.

இப்போது உன் ஜன்னல் வகுப்புக்கு வருகிறேன்.

உன் அம்மா அவனைக் குளிப்பாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார். மணைமேல் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே அவனை மல்லாக்கப் போட்டுக்கொள்கிறாள். அவன் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர். மார்பில் எண்ணெய் தேய்க்கிறாள். “என்ன தொரை, எண்ணெய் சூடா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் தேய்க்கிற கையை நிறுத்துகிறாள். புருவத்தைத் தூக்கி, “ம்?” என்கிறாள். அவன் வாய் குவிகிறது. கால் இரண்டும் உதைக்கின்றன. ஏதோ வரப்போகிறது என்று தெரிகிறது, வரவில்லை. அவள் அடுத்த கேள்விக்குப் போவதில்லை. கை அப்படியே நிற்கிறது, எண்ணெய் விரலிலிருந்து சொட்டுகிறது. “ஊ… ங்” என்கிறான். “ஆமாவா! அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஆற வெச்சுடலாம்.” மறுபடி தேய்ப்பு. அடுத்த கேள்வி.

அவள் பேசுகிற மொத்த வார்த்தையை எண்ணினால் உன் வகுப்பில் கால்வாசிகூட வராது. ஆனால் அவன் அவளிடம்தான் அதிகம் பேசுகிறான். நீ வேப்பமரத்திலிருந்து காக்காவுக்குத் தாவுகிற இடைவெளியில் அவனால் வாயைக் குவித்து முடிக்க முடிவதில்லை.

இந்த மாதிரி மாற்றி மாற்றிப் போகிற பேச்சை 1970-களில் படச்சுருளில் கவனித்து, ‘உரையாடலின் முன்வடிவம்’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தவர் மேரி கேத்தரின் பேட்சன். மானுடவியலாளர் மார்கரெட் மீடின் மகள். இரண்டு, மூன்று மாதத்துக் குழந்தைக்கும் அம்மாவுக்கும் நடுவே பேச்சில் இருக்கிற எல்லாம் இருக்கிறது, சொல் மட்டும்தான் இல்லை.

இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர் ஐந்து மாசக் குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வார். எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் தொடங்கிவைத்த முறை இது. குழந்தை முதலில் திகைக்கும். பிறகு சத்தத்தைக் கூட்டும், ‘என்ன ஆச்சு, பதிலைக் காணோமே’ என்பது போல. கோல்ட்ஸ்டீன் குழு 2009-இல் இதை வைத்து ஒன்று காட்டியது. ஐந்து மாசத்திலேயே குழந்தைக்குத் தான் குரல் கொடுத்தால் எதிரே பதில் வரும் என்ற கணக்கு தெரிந்திருக்கிறது. கல்முகத்தைப் பார்த்து அதிகமாகச் சத்தத்தைக் கூட்டிய குழந்தைகள் பதின்மூன்று மாதத்தில் சொற்களையும் அதிகமாகப் புரிந்துகொண்டன.

அந்தக் கல்முகத்துக்கு இப்போது ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. பால் கொடுத்துக்கொண்டே ரீல்ஸ் தள்ளுகிற எல்லோரிடமும் அந்த முகம் இருக்கிறது. உன்னை மட்டும் சொல்லவில்லை, உன் சித்தப்பாவையும் சேர்த்துத்தான்.

ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் பெரிய திருப்பம் வரும். தாடை மேலும் கீழும் ஆட, உதடு ஒட்டினால் ‘பபபப’, நாக்கு ஒட்டினால் ‘ததத’. கிலுகிலுப்பையை ஓயாமல் ஆட்டுகிற, டம்ளரைத் தரையில் தட்டுகிற வயதும் இதுவே. உடம்பு முழுக்கத் தாளம் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். வீட்டில் மாமா, தாத்தா, பாப்பா, அப்பா என்று எல்லா உறவும் அந்தத் தாளத்துக்கே வெட்டித் தைத்த மாதிரி இருப்பதால் ஆளாளுக்கு ‘என்னைத்தான் கூப்பிட்டான்’ என்று சண்டை போடுவார்கள். அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் தாத்தா ஓடிவந்து தூக்கினால், அடுத்த முறை அந்தச் சத்தத்தில் கொஞ்சம் தாத்தா கலந்திருக்கும். சண்டை நல்லதுதான், போடட்டும்.

இந்தப் பருவத்தில் பெரியவர்களின் பேச்சும் மாறிவிடுகிறது. குழந்தை மழலையில் ஏதாவது சொன்னதும் வருகிற பதில் வழக்கத்தைவிடச் சின்னதாகவும் எளிமையாகவும் இருக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஸ்டீனின் ஆய்வகம் 2019-இல் கணக்கெடுத்துக் காட்டியது. ‘தா’ என்று ஸ்பூனைக் காட்டினால், “ஸ்பூனு!” என்போம். நாமாகப் பேசும்போது, “அந்த ஸ்பூனை எடுத்து வாயில வெக்காதடா, கீழ விழுந்தது” என்று ரயில்வண்டி ஓட்டுவோம். அதாவது குழந்தை தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே நம் வாயிலிருந்து வரவழைத்துக்கொள்கிறது. ஒரு வயதுக் குழந்தை பொருளைப் பார்த்து ஏதாவது ஒலி எழுப்பிய அந்தக் கணத்தில் அதன் பெயரைச் சொன்னால் நன்றாகப் பதிகிறது என்பதையும் அதே ஆய்வகம் பார்த்திருக்கிறது. எனவே ஜன்னல் பாடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்து ‘ஏ’ என்றதும் நடத்து.

பேசுகிற பொம்மைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டனைத் தட்டினால் ஏ.பி.சி.டி பாடுகிற பொம்மை ஒன்று நம் வீட்டுக்கும் பரிசாக வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆன்னா சோசா 26 குடும்பங்களுக்கு மூன்று வகைச் சாமான்களைக் கொடுத்து வீட்டிலேயே பதிவு செய்தார். சத்தம் போடும் பொம்மை, சாதாப் பொம்மை, படப்புத்தகம். சத்தப் பொம்மையோடு இருந்த நேரத்தில்தான் பெற்றோர் மிகக் குறைவாகப் பேசினார்கள், பதிலும் மிகக் குறைவாகக் கொடுத்தார்கள். பொம்மை பேசும்போது நாம் எதற்கு என்று வாயை மூடிக்கொள்கிறோம் போல. 2016-இல் வந்த ஆய்வு. வீடியோவும் அப்படித்தான். பாட்ரீசியா கூல் 2003-இல் ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார். நேரில் உட்கார்ந்து விளையாடியபடி பேசியவரிடமிருந்து அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆளைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘ஐயோ, ஒரு ங்காவுக்குப் பதில் சொல்லாமல் விட்டேனே’ என்று யாரும் கவலைப்பட ஆரம்பித்துவிடக் கூடாது. பாப்புவா நியூ கினியில் கலூலி மக்களோடு பல காலம் இருந்து எழுதிய பாம்பி ஷிஃபெலின், அங்கே பிள்ளையை எதிரில் வைத்துக் கொஞ்சிப் பேசும் பழக்கமே குறைவு என்கிறார். குழந்தையை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, குழந்தை பேசுவது போலக் குரலை மாற்றி அதன் அண்ணன் அக்காவிடம் அம்மா பேசுவாள். அந்தப் பிள்ளைகளும் நன்றாகத்தான் பேசி வளர்கிறார்கள். கலூலி வரை போக வேண்டாம். “‘பெரியம்மா, நான் குளிச்சுட்டேன், எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?’ன்னு கேளு” என்று பிள்ளைக்குப் பதிலாகப் பேசாத வீடு நம்மிடம் உண்டா? மெக்சிகோவில் செல்தால் மாயா கிராமத்தில் குழந்தையைப் பார்த்து நேராகப் பேசுவது மணிக்கு நாலு நிமிடத்துக்கும் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். அங்கேயும் முதல் மழலையும் முதல் சொல்லும் வருகிற காலத்தில் வந்துவிடுகின்றன. மடியிலும் முதுகிலும் நாள் முழுக்க மனிதர்களுக்கு நடுவே இருக்கிற பிள்ளைக்கு வழிகள் பல. தனிக்குடித்தனத்தில், நாலு சுவருக்குள், ஒரே ஆளோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் அந்த ஒரே ஆளின் பதில் விலை கூடிப்போகிறது. ஆளுக்கு ஆள் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்கிற வீட்டில் இருக்கும்வரை நீ நிம்மதியாகத் தூங்கலாம். ஊருக்குத் திரும்பியதும்தான் அந்த ஆப்பை அழித்துவிட்டு, மாப்பிள்ளையையும் விசாரணைக்கு உட்கார வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது எல்லோருக்கும்.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும், கீச்சிடும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. வித்தியாசம் ‘பபப, ததத’ பருவத்தில்தான் தெரியும். கேட்கும் குழந்தைகளுக்கு 6 முதல் 10 மாதத்துக்குள் அந்த அசைகள் வந்துவிட, காது கேளாத குழந்தைகளுக்கு 11 மாதத்துக்குப் பிறகே, சிலருக்கு 25 மாதம் வரைகூடத் தள்ளிப்போனதை ஆலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988-இல் காட்டினார்கள். அறிவிலோ ஆசையிலோ அந்தக் குழந்தைகளிடம் குறையில்லை. சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் காது கேளாத கைக்குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதை மாண்ட்ரியலில் லாரா பெட்டிட்டோ 1991-இல் பதிவு செய்திருக்கிறார். போகிற பதிலும் வருகிற பதிலும் எட்டுகிற வழி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் காலம் வீணாகிறது. ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்’, ‘அவங்க அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்.’ நாக்கில் வசம்பு, தேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது என்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார், அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்து. தெருவில் கழுதையோடு வருபவரிடம் சங்கில் பால் வாங்கிப் புகட்டினால் குரல் திறக்கும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறந்த குழந்தைக்குக் காது சோதனை சில நிமிட வேலை. ஊசி இல்லை, வலி இல்லை. காதில் ஒரு சின்ன முனையை வைத்து, பிள்ளை தூங்கும்போதே பார்த்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை உண்டு. தேவைப்பட்டால், கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வருகிறது. பத்து மாதமாகியும் ‘பபப’, ‘ததத’ வராத பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், அந்த அம்மாவிடம் ‘அதெல்லாம் வந்துடும்’ என்று ஆறுதல் சொல்லாதீர்கள். இந்த வாரமே காது சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.